வீட்டில் இருந்தவள்

அழைப்பு மணி அடித்தால் நான் கதவைத் திறப்பதில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, வந்தவர் படி இறங்கும் சத்தம் கேட்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பேன். கூரியர்காரர்கள் பொட்டலத்தை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். கேஸ் சிலிண்டர் வரும் நாளில் அம்மா அரைநாள் விடுப்பு எடுப்பாள்.

நாங்கள் இருப்பது அஸ்தினாபுரத்தில், ஒரு பழைய அடுக்குமாடியின் இரண்டாம் தளத்தில். எங்கள் வாசலுக்கு நேர் எதிரே ரத்தினபாய் என்பவரின் வீடு. பகலெல்லாம் மரக்கதவைத் திறந்துவைத்து, கம்பிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து காய் நறுக்குவார், பைபிள் வாசிப்பார், ஏறி இறங்குகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பார். இங்கே குடிவந்து வெகுநாள் ஆகியும் நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. படி ஏறும்போது அவர் குரல் கேட்டால் முதல் தளத் திருப்பத்திலேயே நின்று, குரல் உள்ளே போனபின் ஏறுவேன். கொரோனா முடிந்தபிறகும் நான் மாஸ்க்கை விடவில்லை. பேருந்தில், வகுப்பில், கடையில் எப்போதும் அது முகத்தில் இருக்கும். டஸ்ட் அலர்ஜி என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

அம்மா கீழ்க்கட்டளையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நான் தாம்பரத்தில் எம்.எஸ்ஸி. விலங்கியல். அப்பா இல்லை. இருவரும் காலையில் கிளம்பினால் திரும்புவது மாலையில்தான். பகலில் எங்கள் வீடு பூட்டியிருக்கும்.

முதல் கிரெடிட் கார்டை வாங்கியது போன வருடம். அம்மா என் பெயரில் வங்கியில் ஒரு சிறிய வைப்புத்தொகை போட்டு, அதை ஈடாகக் காட்டி வாங்கியது. வீட்டுக்கு ஒருவர் வந்து ஆளைப் பார்ப்பார், பக்கத்து வீட்டிலும் விசாரிப்பார், அதன்பிறகுதான் கார்டு என்றார்கள். அந்த ஒருவருக்காக நான் கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி எடுத்தேன். ஆமா, நான்தான் ஈவ்லின். உள்ள வாங்க. இரண்டாவது வாக்கியம் கடைசிவரை சரியாக வரவில்லை.

நான் வீட்டில் இருந்த எந்த நாளிலும் யாரும் வரவில்லை. ஆனால் சரிபார்ப்பு முடிந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது, பின்னாலேயே கார்டும் வந்தது. ஆய்வகத்தில் எனக்கு அடுத்த மேசைக்காரி சுஜியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"அவங்க எங்க வர்றாங்க? டீக்கடையில உக்காந்து 'ஆளை நேர்ல பாத்தோம்'னு அடிச்சிட்டுப் போயிடுவாங்க. எங்க அண்ணனுக்கும் அப்படித்தான்."

எளிமையான விளக்கம். நான் ஏற்றுக்கொண்டேன்.

இந்த வருடம் பிப்ரவரியில் ஹைதராபாத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரு ஆய்வு நிறுவனத்தில் கோடைக்காலத் திட்டப்பணிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மண்புழுக்களின் நரம்பு மீள்வளர்ச்சி. நான் கேட்டிருந்த பிரிவே கிடைத்திருந்தது. ஆனால் விடுதிக்கு முன்பணம், பயணச்செலவு எல்லாம் நாம் முதலில் போட வேண்டும். அவர்கள் முடிவில் திருப்பித் தருவார்கள். முதல் கார்டின் வரம்பு அதற்குப் பாதிகூட வராது. அம்மாவிடம் கேட்டால் தோட்டைக் கழற்றுவாள். அதனால் கேட்கவில்லை.

தாம்பரம் ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் குடை நட்டு, மேசை போட்டு, கார்டுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தவர் ஜேசன். எங்கள் கல்லூரியில் சுஜியின் அண்ணனுக்கு சீனியர். சுஜிதான் கூட்டிப்போனாள். கார்டு மேல் கார்டு என்று ஒரு வகை உண்டு என்றார். ஏற்கெனவே ஒரு கார்டு வைத்து ஒழுங்காகக் கட்டிவருகிறவர்களுக்குச் சம்பளச் சீட்டு வேண்டாம், வைப்புத்தொகை வேண்டாம். வீட்டில் வந்து ஆளைப் பார்த்தால் போதும்.

என் விவரங்களைப் போட்டுப் பார்த்தவர் நிமிர்ந்தார். முதல் கார்டுக்கு வீடு பார்க்க வந்ததும் தங்கள் ஏஜென்சிப் பையன்தான், பெயர் குப்புராஜ் என்றார். நான் தணிந்த குரலில், என்னை யாரும் வந்து பார்க்கவில்லை என்றேன்.

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? மோர் குடுத்தீங்களாம் அவனுக்கு. ஒரு மாசம் அதையே சொல்லிட்டிருந்தான். எங்க பசங்களுக்கு யாரு மோர் குடுப்பா? கதவைத் திறக்கறதே பெரிசு."

சுஜி என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் மோர் இருக்காது. எனக்குப் பாலும் தயிரும் சேராது என்பதால் அம்மா அவற்றை வாங்குவதையே நிறுத்திவிட்டாள்.

வேறு வீட்டுக்குப் போயிருப்பார் என்றேன். அதற்குள் குப்புராஜே ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஜேசன் கேட்டதும் அவர் யோசிக்கவேயில்லை. இரண்டாம் மாடி, நிலைக்கு மேல் மரச்சிலுவை, எதிர்வீட்டில் ஒரு அம்மா. எல்லாம் சரி. அவையெல்லாம் வெளியிலிருந்து தெரிகிறவை என்று நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவர் சொன்னார்.

"உள் ரூம்ல ஒரு மேசை கீது. அது மேல மைக்ராஸ்கோப்பு, பூப்போட்ட துணி போத்தி. இன்னா மேடம் அதுன்னு கேட்டேன். துணிய எடுத்து ஒரு கொசு றெக்கைய காமிச்சாங்க. எம்மாம் பெர்சா இருந்துச்சி தெரியுமா?"

அந்தத் துணி என் பழைய சுடிதாரிலிருந்து வெட்டியது. நான் அந்த மேசையை யாருக்கும் காட்டியதில்லை.

மாஸ்க்கை இறக்கினேன். நடைமேடையிலிருந்து கூட்டம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. குப்புராஜ் என் முகத்தைப் பார்த்தார், பிறகு மரியாதையாகக் கண்ணை எடுத்துக்கொண்டார்.

"அவங்கதான். அவங்க மாரிதான் கீது." கொஞ்சம் நிறுத்தினார். "அவங்க சிரிச்ச மூஞ்சி."

விண்ணப்பத்தைக் கைபேசியிலேயே நிரப்பினேன். கடைசியில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தாமல் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றதற்கு ஜேசன், யோசிக்கிறவர்கள் வாங்குவதில்லை என்றார்.

உண்மையாகவே யோசித்தேன். ஒரு கார்டை நினைவு வைத்துக் கட்டுவதே எனக்கு ஒரு வேலை. தேதி நெருங்கினால் கட்டியாயிற்றா என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பேன். இரண்டு என்றால் இரண்டு தேதிகள். ஹைதராபாத்காரர்கள் திருப்பித் தரத் தாமதித்தால் வட்டி யார் தலையில்? மறுபக்கம், போகாவிட்டால் இந்த வாய்ப்பு மறுபடி வராது. எல்லோரும் தராசில் வைப்பவற்றை நானும் வைத்துப் பார்த்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் ஓர் ஓரத்தில் அந்தக் கொசு இறக்கை இருந்தது. விண்ணப்பித்தால் மறுபடி ஒருவர் வருவார். மறுபடி கதவு திறக்கும்.

அன்று மாலை அம்மா வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உன்னைப் பத்தி ரத்தினபாய் அக்காவுக்கு ஒரே புகழ்ச்சி. சர்ச்ல எல்லாருக்கும் சொல்லியாச்சாம். காலேஜ் லீவுன்னா பகல்ல அவங்க வீட்டுக்குப் போய் தயிர் வாங்கிட்டு வருவியாமே? அவங்க சுகர் மாத்திரைய எடுத்துக் குடுப்பியாமே? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா ஈவி?"

அம்மாவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் என் ஆண்டுவிழாக்களுக்கு வந்து, கடைசி வரிசையில் நான் உதடு அசைக்காமல் நிற்பதைப் பார்த்துவிட்டுப் போனவள். இந்தப் பெண் எப்படி ஒரு வேலைக்குப் போகும் என்று அத்தையிடம் போனில் அழுதவள். அந்த முகம் இப்படி மலர்ந்து நான் கண்டதில்லை.

"தயிர் ஒத்துக்குதா இப்போ?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.

அப்போது மறுத்திருக்க வேண்டும். அம்மாவுக்குப் பெருமையாக இருந்தது. எனக்கும், ஒரு கணம், அது என்னைப் பற்றிய பேச்சு என்றே இருந்தது.

மறுநாள் கல்லூரிக்குப் போகவில்லை. அம்மா கிளம்பியபின் உள்ளே தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இதை ஒரு சோதனையாக எடுத்துக்கொண்டேன். பகலில் இந்த வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்றால், நானும் இருந்து பார்க்கலாம். அறைகளைப் பார்த்தேன். குளியலறையின் வாளியைக்கூடத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கைபேசியை உள் அறையில் சார்ஜில் போட்டுவிட்டுக் கூடத்து நாற்காலியில் காத்திருந்தேன். மணி அடிக்கவில்லை. குழம்புக்குத் தாளிக்கும் வாசனை எதிர்வீட்டிலிருந்து வந்தது. பல்லாவரம் பக்கம் விமானம் ஒன்று தாழ இறங்கிப் போனது.

பிறகு வெளியே ரத்தினபாயின் குரல் கேட்டது. யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நான் எழுந்து கதவுக் கண்ணில் பார்த்தேன்.

அவர் தன் கம்பிக் கதவைத் திறந்துவைத்து நின்றுகொண்டிருந்தார். அவர் பார்வை நேராக எங்கள் கதவை நோக்கி இருந்தது. நடுவில் யாரும் இல்லை. ஆனால் அவர் ஒருவரைப் பார்த்துப் பேசும்போது எப்படித் தலையாட்டுவாரோ அப்படித் தலையாட்டினார். கதவுக் கண்ணின் வில்லைக்கு ஒரு பார்வை எல்லை உண்டு. கதவோடு கதவாக ஒட்டி நிற்கிறவரை அதில் பார்க்க முடியாது.

"வாங்கிக்கோயேன்" என்றார் ரத்தினபாய். "இந்தக் காலத்துல ஒரு கார்டு எப்படிப் போதும்? படிக்கிற பொண்ணு. ஹைதராபாத்துக்கு நீ போயிட்டு வா. அம்மாவை நான் பாத்துக்கறேன்."

இடைவெளி விட்டார். பதில் எனக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்க வேண்டும், வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஹைதராபாத் பற்றி நான் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

என் கன்னம் கதவின் மரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. மரத்தின் அந்தப் பக்கம் வெதுவெதுப்பாக இருந்ததை உணர்ந்து பின்வாங்கினேன். மதிய வெயில் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வாசலில் வெயில் படாது.

ரத்தினபாய் உள்ளே போன சத்தம் கேட்டபின் கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. திரும்பி வந்து உள் அறையில் கைபேசியை எடுத்தேன். ஓ.டி.பி. எண்ணோடு ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. அதை ஏற்கெனவே யாரோ திறந்து படித்திருந்தார்கள். அதற்குக் கீழே இன்னொன்று: இரண்டாவது கார்டுக்கான உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, முகவரி சரிபார்க்க எங்கள் பிரதிநிதி வருவார்.

அடுக்களைத் தொட்டியில் ஒரு டம்ளர் கிடந்தது. உள்ளே வெள்ளையாக ஒரு வளையம். முகர்ந்து பார்த்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்தேன்.

ஜேசனை அழைத்தேன். போனில் பேசுவது எனக்கு நேரில் பேசுவதைவிடக் கடினம், ஆனாலும் அழைத்தேன். எனக்குக் கார்டு வேண்டாம், நிறுத்திவிடுங்கள் என்றேன். அவர் குழம்பிப்போனார். கொஞ்சம் முன்னால் நீங்கள்தானே போன் செய்து சரி என்றீர்கள், நம்பர் சொன்னீர்கள், ஜோக்கெல்லாம் அடித்தீர்கள் என்றார்.

"இப்ப வாய்ஸே வேற மாதிரி இருக்கு. உடம்பு சரியில்லையா?"

நிறுத்த வழி என்ன என்று கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டார். வருகிற பையனிடம் வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் வேண்டாம் என்பவரை வேண்டும் என்று ஆக்குவதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம். மேலிடத்திலிருந்து கூப்பிடுவார்கள், மறுபடி கூப்பிடுவார்கள். வீடு பூட்டியிருந்தால் திரும்ப வருவார்கள். பிறகு சிரித்தபடி சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணுக்குத்தான் ஃபைலை மூடுவோம். 'அப்படி யாரும் இங்க இல்ல'ன்னு வீட்ல சொல்லிட்டா நெகடிவ். அந்த அட்ரஸ்ல அந்தப் பேர்ல அப்புறம் எதுவும் நகராது."

விளையாட்டாகச் சொன்னார். எனக்கு அதுவே பிடித்தது. வேண்டாம் என்று ஒரு மனிதரின் கண்ணைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. அவர் ஏன் என்று கேட்பார், நான் பதில் தேடித் தடுமாறுவேன், கடைசியில் சரி என்றுவிடுவேன். கடைகளில் வேண்டாத துப்பட்டாக்களை அப்படித்தான் வாங்கியிருக்கிறேன். அவள் இங்கே இல்லை என்று சொல்வது சுலபம். கேட்கிறவர் அதற்குமேல் என்னிடம் பேச ஒன்றுமிருக்காது. இன்னொரு கணக்கும் இருந்தது. அந்தப் பெயர் இந்த முகவரியில் இல்லை என்று பதிவாகிவிட்டால், என் பெயரில் பேசுகிறவள் இனி யாருக்கும் நான்தான் என்று கதவைத் திறக்க முடியாது.

ஹைதராபாத்துக்கு வர இயலாது என்று எழுதி அனுப்பினேன். மண்புழுக்களை நினைத்துக் கொஞ்சம் அழுதேன். அவர்களிடமிருந்து பதில் உடனே வந்தது. குழப்பமாக இருக்கிறது, நீங்கள் இன்று பேசியபோது வருவதாக உறுதி சொன்னீர்களே, உங்கள் அறை ஒதுக்கப்பட்டுவிட்டது என்று இருந்தது.

அதன்பிறகு நான் வெளியே போகவில்லை. காய்ச்சல் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சூடே இல்லையே என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனாள். நான் மாஸ்க் இல்லாமல் கூடத்தில் உட்கார்ந்து, சொல்லவேண்டிய வாக்கியத்தைச் சொல்லிப் பழகினேன். அது முதல்முறையே சரியாக வந்தது.

மணி முற்பகலில் அடித்தது. மின்விசிறியை நிறுத்தக் கை போனது. நிறுத்தவில்லை. நடந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

வந்தவன் என் வயதுதான் இருப்பான். தோள்பை, கழுத்தில் அடையாள அட்டை, அதில் தாவீது என்று இருந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"ஈவ்லின் மேடம் வீடுங்களா?"

"இல்ல. அப்படி யாரும் இங்க இல்ல."

என் குரல் தெளிவாக இருந்தது. எனக்கே வியப்பாக இருந்தது. அவன் கைபேசியில் முகவரியைப் பார்த்தான், நிலைக்கு மேலே சிலுவையைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். நீங்கள் யார் என்று கேட்டான். புதிதாகக் குடிவந்தவர்கள் என்றேன். அவன் எதையோ தட்டினான். முடிந்தது என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள் என்பதை மறந்துபோயிருந்தேன்.

அவன் திரும்புவதற்குள் ரத்தினபாய் கம்பிக் கதவுக்கு வந்துவிட்டார். ஈவ்லின் என்று ஒருவர் இங்கே இருந்தார்களா என்று அவன் கேட்டான்.

"இருந்தாளாவா? இருக்காளேப்பா. காலையிலகூட என்கிட்ட பேசிட்டுத்தானே போனா. தங்கமான பொண்ணு." அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "இந்தப் பொண்ணுதான் யாருன்னு தெரியல. நீ யாரும்மா? அவங்க சொந்தமா?"

எத்தனையோ மாலைகள் இந்தப் படியில், இவருடைய குரல் அடங்குவதற்காகக் காத்து நின்றவள் நான். ஒரு நாளாவது ஏறி வந்திருந்தால், மாஸ்க்கை இறக்கி, நல்லா இருக்கீங்களா ஆன்ட்டி என்று கேட்டிருந்தால், இப்போது என்னைத் தெரிந்திருக்கும்.

நான்தான் ஈவ்லின் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தாவீது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிடம் முன்னால் இதே வாயால் நான் சொன்னது அவன் கையில் பதிவாகியிருந்தது. அவனுடைய பார்வையில் சந்தேகம் வரத் தொடங்கியிருந்தது, பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் அந்நியரைப் பார்க்கும் சந்தேகம்.

"அம்மா டீச்சர்" என்றேன். "அவங்களுக்குத் தெரியும். சாயந்திரம் வருவாங்க." அதற்கு மேல் வரவில்லை. பயிற்சி எடுத்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

எனக்குப் பின்னால், உள் அறையில், நாற்காலி தரையில் இழுபட்டது.

ரத்தினபாயின் முகம் மலர்ந்தது. என் முகத்துக்காக அல்ல. அவர் என் தோளுக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார். தாவீதும் அங்கேதான் பார்த்தான். அவன் நெற்றிச் சுருக்கம் விலகியது. கையை மார்பில் வைத்து லேசாகக் குனிந்தான்.

"சாரி மேடம், இவங்க ஏதோ மாத்திச் சொல்லிட்டாங்க. பரவால்ல மேடம், தண்ணியெல்லாம் வேணாம்."

என் கழுத்தருகே புளித்த மோரின் வாசனை வந்தது. திரும்பிப் பார்த்திருக்கலாம். இரண்டு பேர் முன்னால் திரும்பிப் பார்த்து, அங்கே யார் நிற்கிறார்கள் என்று உரக்கக் கேட்டிருக்கலாம்.

"ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க" என்று தாவீது பேனாவை என் தோளுக்கு மேலாக நீட்டினான்.

நான் கொஞ்சம் ஒதுங்கி நின்றேன்.